மகளுக்கு இலவச இடம் தருகிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரர் குட்டி யானை வண்டி ஓட்டுகிறார், நான் தையல். இருவருக்கும் சேர்த்து மாதம் 27,000 ரூபாய் வரும். வீட்டுக்கடன் தவணை 5,200. கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யில் மாதம் 2,500 வீதம் 40 மாதச் சிட்டி (ஏலச் சீட்டு), ஒரு லட்ச ரூபாய்க்கு. 22 தவணை முடிந்தது. ஆறு பவுன் நகை இருக்கிறது. மகள் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தாள். 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் ஓடுகிறாள். கேரள அணியில் ஒருமுறை தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் போய் வந்தாள். கோவையில் ஒரு தனியார் கல்லூரி ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் இலவசம் என்கிறது. திருச்சூர் மாவட்டத்தில் ஓர் எய்டட் (அரசு உதவி பெறும்) கல்லூரியின் ட்ரயல்ஸிலும் தேர்வாகியிருக்கிறாள். அங்கே ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் உண்டு. ஆனால் மலையாளத்தில் சமாளிக்க முடியுமா என்று பயப்படுகிறாள். வீட்டுக்காரர், 'பக்கத்திலிருக்கிற சித்தூர் அரசுக் கல்லூரி போதும், வீட்டுச் சோறு, செலவே இல்லை' என்கிறார். பொள்ளாச்சியில் இருக்கும் என் அண்ணன், 'தமிழ்நாட்டில் படித்தால் விளையாட்டு கோட்டாவில் வேலை உறுதி' என்கிறார். சிட்டியை இப்போது ஏலத்தில் எடுத்தால் 75,000 கைக்கு வரும். எடுத்து வைத்துக்கொள்ளலாமா? எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவர் யாரும் இல்லை, விளையாட்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. கோவைக் கல்லூரியின் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சகோதரி, 'ஒன்றும் தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் பேச வேண்டும். வருமானம் 27,000 என்பதைவிட, இந்த எண்ணம்தான் உங்களைக் கோவைப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது.

உங்கள் மாவட்டத்திலேயே இரண்டு வீடுகளைப் பாருங்கள். நீளம் தாண்டும் முரளி ஸ்ரீசங்கரின் அப்பா மும்முறைத் தாண்டுதல் வீரர், அம்மா 800 மீட்டர் ஓடியவர். அப்பாதான் கோச். ஸ்ரீசங்கர் 2022-இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். முண்டூரிலிருந்து வந்த ஓட்டக்காரி பி.யு. சித்ராவின் பெற்றோர் கூலி வேலைக்குப் போனவர்கள். அவர் 2017-லும் 2019-லும் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 1,500 மீட்டர் தங்கம் வாங்கினார். ஆக, எந்த வீட்டில் பிறந்தாலும் கால் ஓடும். வித்தியாசம் ட்ரயல்ஸ் முடிந்து கல்லூரிக்காரர் முன்னால் போய் உட்காரும்போதுதான் வருகிறது.

விளையாட்டுக் குடும்பம் அங்கே கேட்பது இதுதான்: கோச் நிரந்தரமா, வருடா வருடம் மாறுபவரா? தடை தாண்டும் ஓட்டத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? சிந்தெடிக் டிராக்கில் வாரம் எத்தனை நாள் பயிற்சி? தொடைத் தசை கிழிந்தால் ஸ்கேனுக்கு யார் பணம் கட்டுவது? நம் வீடுகளில் ஒரே கேள்விதான், 'எவ்வளவு கட்டணும்?' ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் கண் கலங்கிவிடும். யாரும் எதையும் சும்மா கொடுத்துப் பழகாத வீட்டில், கொடுக்கிறவரிடம் திருப்பிக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று படும். அந்த நன்றியோடு கையெழுத்தும் போட்டுவிடுவோம். நீங்கள் போடுவதற்கு முன்னால் எழுதினீர்களே, ரொம்ப சந்தோஷம்.

அந்த ஒப்பந்தத்தைப் படித்தேன். ஐந்தாவது பத்தியில், மாணவி 'எந்தக் காரணத்தாலும்' தொடர்ந்து விளையாடாவிட்டால் அதுவரை தள்ளுபடி செய்த தொகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருக்கிறது. ஆண்டுக்கு 1,45,000 என்று அவர்களே தொகையும் போட்டிருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் முழங்கால் போனால் 2,90,000 கட்ட வேண்டும். உங்கள் இருவரின் ஏறக்குறைய பதினொரு மாத வருமானம் அது. 'எந்தக் காரணத்தாலும்' என்பதில் காயமும் அடக்கம். அவர்கள் தருவதை உதவித்தொகை என்று நினைக்காதீர்கள். இப்படி எழுதியிருக்கும் வரை அது மகளின் காலை அடமானம் வைத்த கடன்.

காயம் என்பது எங்கோ யாருக்கோ வருவதல்ல. ஸ்ரீசங்கருக்கே 2024 ஏப்ரலில் பயிற்சியில் முழங்கால் அடிபட்டு, அறுவை சிகிச்சை வரை போய், பாரிஸ் ஒலிம்பிக் கைநழுவியது. தடை தாண்டுகிற பெண்ணுக்குத் தொடையும் கணுக்காலும் தினமும் அடி வாங்குகிற இடங்கள். மூன்று கல்லூரிகளிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அவள் ஓட முடியாமல் போகிற அன்று அந்தச் செலவு யார் தலையில் விழும்?

அதே ஒப்பந்தத்தில் அசல் மதிப்பெண் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளும் என்றும் இருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று, அந்த 1,45,000 உங்களுக்கு மிச்சமாகிற பணம் இல்லை. எய்டட் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் பெரும்பாலும் கேரள மாநில ஸ்போர்ட்ஸ் கவுன்சில் செலவு. திருச்சூரில் நீங்கள் கட்டவே போகாத பணத்தைக் கோவையில் மிச்சம் என்று கணக்குப் போடக் கூடாது. திருச்சூரிலும் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி), பஸ், மருந்து, கைச்செலவு என்று மாதம் 3,000 உங்கள் கையிலிருந்து போகும். கோவையில் 4,000 வைத்துக்கொள்ளுங்கள், முட்டை, பால் தனியாக வாங்க வேண்டியிருக்கும் என்பதால்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் பிள்ளை கண் முன்னால் இருக்கட்டும் என்று ஓர் அப்பா நினைப்பதில் தப்பே இல்லை. சித்தூர் நல்ல கல்லூரி, தமிழ்த் துறையும் இருக்கிறது. ஆனால் 'செலவே இல்லை' என்பது கணக்குப்படி சரியில்லை. காலையும் மாலையும் ஓடுகிற பெண் சாப்பிடுவது சாதாரணச் சாப்பாடு அல்ல. முட்டை, பால், மீன், பழம் என்று மாதம் 5,000 அவளுக்கு மட்டும் ஆகும். தடை தாண்டும் ஓட்டத்தை மண் தரையில் மட்டும் பழகி மேலே போக முடியாது. டிராக் தேடிப் போய்வர இன்னொரு 2,000. பஸ் கன்செஷன் கல்லூரிக்குத்தான் உதவும், விடியற்காலைப் பயிற்சிக்கு உதவாது. ஆக மாதம் 7,000. மூன்றில் உங்கள் குடும்பத்துக்கு அதிகச் செலவு வைப்பது வீட்டிலிருந்து படிப்பதுதான். அரிசியோடும் பலசரக்கோடும் கலந்து போவதால் அது கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்காரரிடம் இதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது தமிழ்நாட்டுக்காக விளையாடியவர்களை நினைத்து வைத்தது. உங்கள் மகள் கேரளத்துக்காக ஓடியவள். ரேஷன் கார்டும் கேரளத்தில். கோவையில் மூன்று வருடம் படித்ததால் மட்டும் அந்த வாசல் திறக்காது. கேரளத்தில் ஆண்டுக்கு 50 பேரை விளையாட்டு கோட்டாவில் எடுக்கிற திட்டம் இருக்கிறது. பதக்கம் வேண்டும், போட்டியும் கடுமை. மத்திய அரசு வேலைக்கு இன்னொரு வழி உண்டு. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியிலோ, பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியிலோ, மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டிலோ ஓடியிருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. அதாவது அவள் கையில் ஏற்கெனவே ஒரு தகுதிச் சான்றிதழ் இருக்கிறது. பத்திரமாக வையுங்கள், லேமினேட் செய்யாதீர்கள். ரயில்வே போன்ற இடங்களில் தகுதி மட்டும் போதாது, எத்தனையாவது இடம் வந்தாள் என்றும் பார்ப்பார்கள்.

இதில்தான் திருச்சூரின் ஒரு குறையும் இருக்கிறது. அது கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். தடகளத்தில் பலமான பல்கலைக்கழகம். அந்த அணிக்குள் நுழைவது எளிதல்ல. முதல் வருடம் அணியில் பெயர் வராமல் போகலாம். அதற்கு மனதைத் தயார்ப்படுத்துங்கள். ஆனால் தினமும் தன்னைவிட வேகமான பெண்களோடு ஓடினால்தான் நேரம் குறையும் என்பதை அவளே உங்களுக்குச் சொல்வாள்.

சிட்டிக்கு வருகிறேன். இப்போது எடுக்காதீர்கள். 75,000 கிடைக்கும், 18 மாதம் பொறுத்தால் கமிஷன் போக 95,000 வரும். 75,000-க்கு ஒன்றரை வருடத்தில் 20,000 விட்டுக்கொடுப்பது, ஆண்டுக்கு 17, 18 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். வங்கி நகைக்கடன் வட்டி இதைவிட நன்றாகவே குறைவு. அதுபோக, சிட்டியை எடுத்தால் ஜாமீன் கேட்பார்கள். சம்பளச் சான்றிதழ் கொடுக்க உங்கள் சொந்தத்தில் அரசு வேலைக்காரர் இல்லையென்றால், நகையையோ நிலப் பத்திரத்தையோ கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த நகை அவசரத்துக்கு வீட்டில் இருக்கட்டும். 95,000 வரும்போது அவள் இரண்டாம் ஆண்டின் நடுவில் இருப்பாள். அதை அவள் பெயரில் டெபாசிட்டாகப் போட்டு, காயத்துக்கும் கடைசி ஆண்டுக்கும் என்று ஒதுக்குங்கள். கேரளத்தில் 2024 முதல் பட்டப்படிப்பு நான்கு வருடம். மூன்று வருடத்தில் பட்டத்தோடு வெளியே வரவும் வழி உண்டு. எத்தனை வருடம் என்பதை அப்போது அவள் ஓடும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கேரள அரசின் காருண்யா சுகாதாரத் திட்டத்தில் உங்கள் குடும்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு வழி உண்டு. இல்லையென்றால் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு இந்த மாதமே எடுங்கள். பயிற்சிக் காயத்தை ஏற்பார்களா, தசைநார் அறுவைக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். தனியார் மருத்துவமனையில் முழங்கால் அறுவை லட்சத்தைத் தாண்டிவிடும்.

மலையாளப் பயம் பற்றி. சித்தூர்த் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் இது உண்டு. ஆனால் அவள் கடைவீதியிலும் மைதானத்திலும் மலையாளம் பேசித்தான் வளர்ந்திருக்கிறாள். கேரள அணியோடு ரயிலேறிப் போய் வந்தவள். பாடம் நடப்பதும் பரீட்சை எழுதுவதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்தக் கஷ்டம் கோவையிலும் அப்படியேதான் இருக்கும். இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் ஹிந்தி போன்ற வேறு மொழி உண்டா என்றும். இதற்காக ஒரு நல்ல கோச்சை விட்டுவிட வேண்டாம்.

என் தேர்வு திருச்சூர். ஒரே நிபந்தனை, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் இடம் எழுத்தில் உறுதியாக வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வெளி விடுதியில் சேர்த்தால் என் கணக்கு முழுவதும் மாறிவிடும். கோவைக் கல்லூரியையும் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 'மருத்துவர் சான்று அளித்த காயம் ஏற்பட்டால் தொகை திருப்பிக் கேட்கப்படாது, படிப்பு அதே சலுகையில் தொடரும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தால் அது மதிக்கத்தக்க இரண்டாவது இடம். மறுத்தால் உங்களுக்கு வேண்டிய பதில் அதுவே.

போகும்போது அவளுடைய பி.டி. மாஷை (பள்ளி விளையாட்டு ஆசிரியரை) கூட்டிக்கொண்டு போங்கள். மேலே எழுதிய கேள்விகளை உங்களைவிட அவர் தயங்காமல் கேட்பார், பதில் சரியா என்றும் அவருக்குத் தெரியும். மகளும் கூட உட்காரட்டும். இரண்டு கல்லூரிகளும் எழுத்தில் தருவதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துக்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.