கிட் பழகத் தொடங்குவோர் கேட்டவை

புரோகிராம் எழுதப் பழகும் மலையக மாணவர்களும் ஆசிரியர்களும் கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கிட் என்ற மென்பொருள் பற்றிக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள் (ஹெட் மட்டும் பெரிய எழுத்து). சிறுகோடும் இடைவெளியும் இங்கே இருப்பது போலவே இருக்க வேண்டும்.

ஹட்டன், உயர்தர மாணவி: அண்ணா, கிட்டும் கிட்ஹப்பும் ஒன்றா? எங்கள் லயத்தில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். இன்டர்நெட் இல்லாமல் கிட் பழகலாமா?

ஒன்றில்லை தங்கச்சி. கிட் உங்கள் கணினியிலேயே ஓடும் இலவச மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கேர்னலை எழுதும் குழு பாவித்து வந்த, இதே வகை மென்பொருளான பிட்கீப்பரின் இலவச அனுமதி நின்றுபோனதால், 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. கிட்ஹப் 2008இல் வந்த இணையதளம். உங்கள் ரிப்போவின் (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்தது) இன்னொரு பிரதியை வைக்கும் இடம், அவ்வளவுதான்.

கொமிட் (மாற்றத்தைப் பதிவது), லாக் (பதிவுகளைப் பட்டியலிடுவது), டிஃப் (வேறுபாட்டைக் காட்டுவது), பிராஞ்ச் (தனிக் கிளை பிரிப்பது), மேர்ஜ் (கிளைகளை இணைப்பது) எதற்கும் சிக்னல் தேவையில்லை. கிட்ஹப்போடு பேசும் க்ளோன் (ரிப்போவைப் பிரதி எடுப்பது), ஃபெட்ச் (புதியதை இறக்குவது), புல் (இறக்கி இணைப்பது), புஷ் (ஏற்றுவது) நான்குக்கும்தான் தேவை. பகலில் இருபது கொமிட் போட்டுவிட்டு இரவில் ஜன்னலோரம் வைத்து ஒரு புஷ் கொடுத்தால் இருபதும் சேர்ந்தே போகும்.

தலவாக்கலை: விண்டோஸ் லப்டொப். எதை முதலில் செய்வது? ஆட், கொமிட் என்று ஏன் இரண்டு தடவை?

நிறுவும்போது எடிட்டர் கேட்கும் பக்கத்தில் விம் தெரிவாகி இருக்கும். அதை நோட்பேடுக்கு மாற்றுங்கள். மற்றப் பக்கங்களில் நெக்ஸ்ட் போதும். பிறகு கிட்டோடு வரும் கட்டளைத் திரையான கிட் பாஷைத் திறந்து, ஒரே ஒரு தடவை:

கிட் கொன்ஃபிக் --குளோபல் யூசர்.நேம் "உங்கள் பெயர்"
கிட் கொன்ஃபிக் --குளோபல் யூசர்.ஈமெயில் "உங்கள் மின்னஞ்சல்"
கிட் கொன்ஃபிக் --குளோபல் இனிட்.டிஃபோல்ட்பிராஞ்ச் மெயின்

இந்த மின்னஞ்சல் ஒவ்வொரு கொமிட்டிலும் பதியும். பொது ரிப்போ என்றால் யாரும் பார்க்கலாம். விருப்பமில்லாவிட்டால் கிட்ஹப் செட்டிங்ஸில் கிடைக்கும் 'நோரிப்ளை' முகவரியைக் கொடுங்கள்.

இனி புரோகிராம் இருக்கும் கோப்புறைக்குள் போய் 'கிட் இனிட்' கொடுத்து ரிப்போவைத் தொடங்குங்கள். அடுத்து 'கிட் ஸ்டேட்டஸ்', 'கிட் ஆட் கணக்கு.பிஒய்', 'கிட் கொமிட் -எம் "நிறை கூட்டும் பகுதி"', 'கிட் லாக் --ஒன்லைன்'.

ஏன் இரண்டு தடவை? தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நினைத்துப் பாருங்கள். கூடையில் இருப்பது உங்கள் வேலைக் கோப்புறை. தராசில் ஏற்றுவது ஆட். துண்டில் நிறை எழுதுவது கொமிட். தராசில் ஏற்றிய பிறகு கூடையில் இரண்டு பிடி போட்டால் அது துண்டில் ஏறாது. கிட்டிலும் அதேதான்: ஆட் செய்த பின் கோப்பைத் திருத்தினால், பழைய வடிவம்தான் கொமிட் ஆகும். திருத்தியது வேண்டுமென்றால் மறுபடி ஆட் செய்யுங்கள். புதியவர்கள் "கொமிட் போட்டேன், மாற்றத்தைக் காணோம்" என்பது பெரும்பாலும் இதனால்தான். கொமிட்டுக்கு முன் 'கிட் டிஃப் --ஸ்டேஜ்ட்' கொடுத்தால் தராசில் என்ன இருக்கிறதென்று தெரியும்.

'-எம்' மறந்து விம் திரைக்குள் மாட்டிக்கொண்டால்: எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். செய்தி இல்லாததால் அந்தக் கொமிட் நடக்காது, அவ்வளவே.

பண்டாரவளை, ஆசிரியை: தம்பி, பிள்ளைகள் கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் ஸ்டேட்டஸில் \340\256\205 என்று வருகிறதே. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை டீச்சர். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். நீங்கள் கண்ட \340\256\205 என்பது 'அ' மட்டும்தான். கிட் அதை எண்ணாகக் காட்டுகிறது. 'கிட் கொன்ஃபிக் --குளோபல் கோர்.குவோட்பாத் ஃபோல்ஸ்' கொடுத்தால் பெயர் தமிழிலேயே தெரியும்.

கோப்புக்குள் பாமினியில் தட்டியிருந்தால் கதை வேறு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்; பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. டிஃப்பில் புரியாத ஆங்கிலம்தான் வரும், கிட் அதைச் சரிசெய்யாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, அந்த மாற்றத்தை மட்டும் தனிக் கொமிட்டாகப் போடச் சொல்லுங்கள்.

மஸ்கெலியா: பெரிய ரிப்போ ஒன்றை க்ளோன் செய்தால் பாதியில் லைன் அறுந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது. டேட்டா வீணாகிறது.

அறுந்த க்ளோனை விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிட்டில் இல்லை. அதனால் குறைத்து எடுங்கள்: 'கிட் க்ளோன் --டெப்த் 1' என்று முகவரியைக் கொடுத்தால் கடைசிக் கொமிட் மட்டும் வரும். லைன் நன்றாக இருக்கும் வேளையில் 'கிட் ஃபெட்ச் --டீப்பன்=50' என்று பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம். ஸிப்பாக இறக்காதீர்கள், அதில் வரலாறே இராது.

நல்ல லைன் உள்ள நண்பர் டவுனில் இருந்தால் இன்னும் சுலபம். அவர் முழுதாக க்ளோன் செய்து, அந்தக் கோப்புறைக்குள் 'கிட் பண்டில் கிரியேட் எல்லாம்.பண்டில் --ஓல்' கொடுக்கட்டும். முழு வரலாறும் ஒரே கோப்பாகும். பென் டிரைவில் வாங்கி வந்து 'கிட் க்ளோன் எல்லாம்.பண்டில் வேலை' கொடுங்கள். 'வேலை' என்ற கோப்புறையில் ரிப்போ தயார். அதற்குள் போய் 'கிட் ரிமோட் செட்-யூஆர்எல் ஒரிஜின்' என்று உண்மையான முகவரியைக் கொடுத்துவிட்டால், அடுத்த புல்லுக்குப் புதிய கொமிட்கள் மட்டுமே வரும். பஸ்ஸில் வரும் பென் டிரைவை வெல்லும் வேகம் பல தோட்டங்களில் இன்னும் இல்லை.

நானுஓயா: கொமிட் போடும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது எதைக் கொடுத்தாலும் 'இன்டெக்ஸ்.லொக் ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்கிறது.

இரண்டு கட்டளைகள் ஒரே நேரம் மோதாமல் இருக்க கிட் போடும் பூட்டு அது. வேலை முடிந்ததும் தானே எடுத்துவிடும். கரண்ட் போனதால் அப்படியே கிடக்கிறது. விஎஸ் கோட் எடிட்டர் உட்பட கிட்டைத் தொடும் எல்லாவற்றையும் மூடிவிட்டு '.கிட்' கோப்புறைக்குள் இருக்கும் அந்த ஒரு கோப்பை மட்டும் அழியுங்கள். '.கிட்' கோப்புறையையே அழித்தால் வரலாறு முழுவதும் போய்விடும், கவனம்.

பிறகு பதிவுகள் பழுதாகாமல் இருக்கின்றனவா என்று பார்க்க 'கிட் எஃப்எஸ்சிகே' ஓடவிடுங்கள். 'ஒப்ஜெக்ட் ஃபைல் இஸ் எம்ப்டி' என்று வந்தால் எழுதிக்கொண்டிருந்த பதிவு வெறுமையாகிவிட்டது. கிட்ஹப்பிலோ பென் டிரைவிலோ பிரதி இருந்தால் அதை வேறிடத்தில் க்ளோன் செய்து, உங்கள் வேலைக் கோப்புகளை ('.கிட்' தவிர) அதற்குள் கொப்பி பண்ணிக் கொமிட் போடுவதே நேரம் மிச்சம்.

கொட்டகலை: இருவர் சேர்ந்து கொழுந்துக் கணக்குச் செயலி எழுதுகிறோம். மேர்ஜ் செய்ததும் கோப்புக்குள் அம்புக்குறிகள் வந்துவிட்டன.

ஒரே வரியை இருவரும் மாற்றியிருக்கிறீர்கள். இப்படி இருக்கும்:

<<<<<<< ஹெட்
நாள்அளவு = 18
=======
நாள்அளவு = 20
>>>>>>> சம்பளம்

மேலே உள்ளது நீங்கள் நிற்கும் பிராஞ்ச், கீழே உள்ளது உள்ளே வரும் 'சம்பளம்' பிராஞ்ச். 18ஆ 20ஆ என்று கிட்டுக்குத் தெரியாது; மற்றவரிடம் கேளுங்கள். சரியான வரியை வைத்து, மூன்று குறி வரிகளையும் நீக்கி, ஆட் செய்து கொமிட் போடுங்கள். குழம்பிப் போனால் 'கிட் மேர்ஜ் --அபோர்ட்' உங்களை மேர்ஜுக்கு முந்திய நிலைக்குக் கொண்டுபோகும்.

மோதல் வராவிட்டால் எல்லாம் சரி என்று நம்பவும் கூடாது. நீங்கள் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்ற, அவர் இன்னொரு கோப்பில் பழைய பெயரால் அழைத்தால் மேர்ஜ் சத்தமில்லாமல் முடியும், செயலி ஓடாது. மேர்ஜ் செய்ததும் ஓடவிட்டுப் பாருங்கள்.

பதுளை: பாடசாலைக் கணினியிலிருந்து புஷ் செய்தால் வேறொருவர் பெயர் சொல்லி 403 (அனுமதியில்லை) என்கிறது.

முன்பு பாவித்தவரின் கிட்ஹப் கணக்கு அதில் சேமிக்கப்பட்டிருக்கிறது. கொன்ட்ரோல் பெனல், கிரெடென்ஷியல் மனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்று போய் கிட்ஹப் பதிவை நீக்குங்கள். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் இதற்குக் கணக்கின் பாஸ்வேர்டை ஏற்பதில்லை. பிரவுசர் வழியாக உள்நுழையுங்கள் அல்லது டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கிட்ஹப்பில் எடுக்கும் குறியீடு) கொடுங்கள். எழும்பிப் போகும்போது உங்கள் பதிவையும் நீக்குங்கள்.

ஹப்புத்தளை: 'கிட் ரீசெட் --ஹார்ட்' கொடுத்து மூன்று கொமிட் காணாமல் போய்விட்டது.

பதறாதீர்கள். 'கிட் ரீஃப்ளாக்' கொடுத்தால் ஹெட் (நீங்கள் நிற்கும் கொமிட்டைக் காட்டும் குறி) நின்ற இடங்களெல்லாம் வரிசையாக வரும். காணாமல் போன கொமிட்டின் வரி முன்னால் உள்ள குறியீட்டை எடுத்து, 'கிட் பிராஞ்ச் மீட்பு' என்பதற்குப் பின்னால் அந்தக் குறியீட்டைச் சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பிராஞ்சிலும் சேராத கொமிட்டின் பதிவு வழமையாக 30 நாட்கள் இருக்கும். கொமிட்டே போடாமல் வைத்திருந்த திருத்தங்களை மட்டும் ரீஃப்ளாக்கால் தர முடியாது.