சைக்கிள் கிராங்க் போல்ட் நீளமாக இருந்தால் வீட்டிலேயே ராவிப் போடலாமா?

போடலாம். நானே ராவிப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் கோடநாடு சாலை ஏற்றத்தில் இடது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் தண்டு, 'டொக் டொக்' என்றது. கண்டுகொள்ளாமல் மிதித்தேன். கோத்தகிரி வந்து பார்த்தால் அதை ஆக்சிலோடு பிடிக்கும் போல்ட்டையே காணோம். எந்தத் தேயிலைச் செடியடியில் கிடக்கிறதோ!

ஹார்டுவேர் கடையில் 8 எம்எம் போல்ட் வாங்கினேன். ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிட்டது. நல்லவேளை, ஸ்பேனர் போட்டு முறுக்கவில்லை. சதுர முனை ஆக்சிலுக்குப் பெரும்பாலும் 1 எம்எம் மரை, அதாவது மரைக்கு மரை உள்ள இடைவெளி 1 எம்எம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.25. வம்படியாக ஏற்றினால் ஆக்சில் மரை போய்விடும்.

சைக்கிள் கடை அண்ணன் பழைய டப்பாவைத் துழாவி ஒன்று கொடுத்தார். மரை சரி, ஆனால் நீளம் கொஞ்சம் கூடுதல். இதில்தான் ஏமாந்துபோவோம். போல்ட் துளையின் அடியில் முட்டி இறுகிவிடும், கிராங்க் இறுகியிருக்காது. கிராங்கைக் கழற்றிவிட்டு போல்ட்டை மட்டும் கையால் அடிவரை திருகுங்கள். தலைக்கும் ஆக்சில் முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். கிராங்கை மாட்டியபின், தலை உட்காரும் இடத்திலிருந்து ஆக்சில் முனை வரை உள்ள ஆழம் அதைவிடக் குறைவு என்றால் போல்ட் நீளம்தான்.

மரை நசுங்காமல் இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே வைஸில் பிடித்து, ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். முதலில் ஒரு நட்டைப் போட்டுவிட்டு அறுத்தால், அதைக் கழற்றும்போதே மரை சுத்தமாகிவிடும் என்பார்கள். 1 எம்எம் மரை நட்டுக்கு எங்கே போவது? தட்டை அரத்தால் முனையைச் சாய்வாக ராவி, ரம்பம் தீட்டும் முக்கோண அரத்தால் முதல் மரையைத் திறந்துவிட்டேன். அரைமணி நேர வேலை. கிரைண்டர் வேண்டாம், அதிகம் சூடேறினால் எஃகின் வலு குறைந்துவிடும்.

அப்பாவின் பழைய சைக்கிளில் கிராங்கை ஆக்சிலோடு பிடிக்கும் ஆப்பான காட்டர் பின்னை ராவித்தான் மாட்டுவார்கள். அங்கேயும் ராவியது பின்னைத்தான், ஆக்சிலை அல்ல. கிராங்கின் சதுரத் துளை ஏற்கெனவே தேய்ந்து உருண்டிருந்தால் எந்த போல்ட்டும் உதவாது. டப்பாத் தகட்டைச் செருகாமல் வேறு கிராங்க் வாங்கிவிடுங்கள்.

மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை 40 நியூட்டன் மீட்டர் என்றால், கால் மீட்டர் ஸ்பேனரின் நுனியில் 16 கிலோ பாரம். அதற்குமேல் தொங்க வேண்டாம். கோடநாடு போய்வந்ததும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன், கொஞ்சம் இடம் கொடுத்தது. இறுக்கினேன். அப்புறம் சத்தமே இல்லை.