பொம்மை உருவத்துக்குச் செய்யும் களிமண் உடை நிஜத் துணி மாதிரி தெரிய என்ன செய்ய வேண்டும்?

6 அங்குல ஆக்‌ஷன் ஃபிகருக்கு (கை கால் அசையும் பிளாஸ்டிக் பொம்மை) எபோக்ஸி புட்டியில், அதாவது இரண்டு பகுதியைக் கலந்தால் தானாக இறுகும் களிமண் மாதிரிப் பொருளில், வேட்டி சட்டை செய்தேன், மடிப்பெல்லாம் போட்டும் ரப்பர் பூசின மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் முதல் மூன்று பொம்மைகள் அப்படித்தான் வந்தன. மூன்றாவதை அப்பாவிடம் காட்டினேன். அப்பா பினாங்கில் பல வருடம் தையல் கடை வைத்திருந்தவர். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மடிப்பு நல்லாத்தான் போட்டிருக்கே. இவன் வேட்டியை எங்கேம்மா செருகியிருக்கான்?" என்று கேட்டார்.

எங்கேயும் செருகவில்லை. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஊசியால் ஒரே இடைவெளியில் கோடு கிழித்திருந்தேன், அவ்வளவுதான். அந்தத் துணியை எதுவும் பிடித்திருக்கவில்லை. ரப்பர் மாதிரி தெரிந்ததற்குக் காரணம் அதுதான். உங்கள் பொம்மையிலும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போதெல்லாம் புட்டியைப் பிசைவதற்கு முன்னால் வெறும் பொம்மையின் மேல் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்கிறேன். துணி எங்கே தொங்குகிறது, எங்கே இறுகுகிறது, எங்கே முட்டுகிறது என்று. தோள்பட்டை, அக்குள், முழங்கை, தொப்பை, முழங்கால். மடிப்பு எல்லாம் இந்தப் புள்ளிகளிலிருந்துதான் பிறக்கும். ஒரே இடத்தில் பிடித்த துணி விசிறி போல விரியும். இரண்டு இடத்தில் பிடித்தால் நடுவில் தொட்டில் மாதிரி தொய்யும். முழங்கையை மடக்கினால் உள்பக்கம் நசுங்கி மாற்றி மாற்றி வளைந்து நிற்கும், வெளிப்பக்கம் வழவழவென்று இழுபட்டிருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் வெளிப்பக்கத்திலும் மடிப்பு போட்டுவிடுவார்கள். அது கூடாது. இழுபட்ட இடத்தை வெறுமையாக விட்டால்தான் பக்கத்தில் இருக்கும் மடிப்பு எடுபடும்.

வேட்டியையே எடுத்துக்கொள்வோம். செருகின இடத்தில் நாலைந்து மடிப்பு துணி சேர்ந்து ஒரு சின்ன மேடு இருக்கும். கொசுவம் அங்கே குறுகலாகவும் ஆழமாகவும் ஆரம்பித்து, கீழே வர வர அகலமாகி ஆழம் குறையும். எல்லா மடிப்பும் கணுக்கால் வரை வராது. சிலது தொடையிலேயே கரைந்துவிடும், இரண்டு சேர்ந்து ஒன்றாகிவிடும். ஒரு கால் முன்னால் இருந்தால் அந்த முழங்காலிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு ஒரு இழுப்புக் கோடு போகும். கீழ் விளிம்பைத் தரை மட்டத்திலிருந்து பாருங்கள். அது நேர்கோடாக இருக்காது, மடிப்புக்கு மடிப்பு உள்ளே வெளியே வளைந்து போகும். அந்த வளைவு சரியாக வந்துவிட்டால் மேலே கொஞ்சம் சுமாராக இருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும்.

துணியையே தைத்துப் போட்டால் என்ன என்று நிறையப் பேர் கேட்பார்கள். நானும் இங்கே பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மெல்லிய மல் துணி வாங்கித் தைத்துப் பார்த்தேன். பொம்மை சின்னதாகிறது என்பதற்காகத் துணியின் விறைப்பு குறைவதில்லை. அவ்வளவு சின்னத் துண்டுக்குக் கீழே விழுவதற்கான கனமும் இல்லை. அதனால் குடை மாதிரி விரிந்து நிற்கிறது. 12 அங்குலப் பொம்மைக்கு ஓரளவு ஒத்துவரும், 6 அங்குலத்துக்கு வராது. அதற்குத்தான் செதுக்குகிறோம்.

இப்போது தடிமன். 6 அங்குலப் பொம்மை என்றால் நிஜ மனிதரில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. புட்டியை எவ்வளவு மெல்லியதாகத் தேய்த்தாலும் கையாளக்கூடிய தாள் அரை மில்லிமீட்டர் இருக்கும். அதை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 6 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட கம்பளம். வேட்டியை முழுக்க நிஜத் தடிமனில் செய்ய யாராலும் முடியாது, செய்யவும் வேண்டாம். கண் தடிமனைப் பார்க்கும் இடம் விளிம்பு மட்டும்தான். சட்டைக் கை முடிவு, காலர் நுனி, வேட்டியின் கீழ் ஓரம், துண்டின் முனை, இந்த நான்கையும் உள்பக்கமாகச் சீவிக் கத்தி முனை போல் ஆக்கிவிடுங்கள். புட்டி இறுகின பிறகு உள்ளேயிருந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் சரி. இந்த ஒரு வேலைக்கு நான் சில நாள் ஒரு மணி நேரம் கூட எடுத்துக்கொள்வேன். தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். பிசையும்போது கையுறை கட்டாயம், எபோக்ஸி சிலருக்குத் தோல் ஒவ்வாமை கொடுக்கும். ஒருமுறை வந்துவிட்டால் ஒவ்வொரு முறை தொடும்போதும் வரும்.

எந்த மண் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். காற்றில் உலரும் களிமண் வேண்டாம். தண்ணீர் போகப் போகச் சுருங்கும், உள்ளே பிளாஸ்டிக் சுருங்காது, அதனால் வெடிக்கும். ஸ்கல்பி மாதிரி பாலிமர் களிமண் செதுக்க அருமையாக இருக்கும், ஆனால் 130 டிகிரி செல்சியஸ் அளவில் அடுப்பில் சுட வேண்டும். பொம்மையின் பிவிசி பிளாஸ்டிக் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். நான் ஒரு பொம்மையை இப்படி இழந்திருக்கிறேன், கை இரண்டும் தொங்கிவிட்டன. அபாக்ஸி ஸ்கல்ப்ட், மில்லிபுட், கிரீன் ஸ்டஃப் மாதிரி இரண்டு பகுதியையும் சம அளவில் கலக்கும் புட்டிதான் இந்த வேலைக்குச் சரி. நான் அபாக்ஸி ஸ்கல்ப்ட்டையும் கிரீன் ஸ்டஃப்பையும் பாதிப் பாதி சேர்த்துப் பிசைகிறேன். முதலாவது வழவழப்பாக முடியும், ஆனால் மெல்லிய தாளாகத் தேய்த்தால் கிழியும். இரண்டாவது ரப்பர் போல இழுபடும், கிழியாது, ஆனால் இறுகின பிறகு தேய்ப்பது கஷ்டம். சேர்த்தால் இரண்டு குறையும் பாதியாகிவிடுகிறது.

பிசைந்த உடனே துணி செய்ய உட்காராதீர்கள். அந்த நேரத்தில் அது சூயிங்கம் மாதிரி இருக்கும், போட்ட மடிப்பு சரிந்துவிடும். எங்கள் ஊர் வெயிலுக்கு நான் அரை மணி நேரம் விடுகிறேன், ஏசி அறையில் இன்னும் கொஞ்சம் கூட ஆகும். விரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் தாளில் முகப்பவுடர் தூவி, இரண்டு பக்கமும் மெல்லிய அட்டை வைத்து, நடுவில் புட்டியை வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தேயுங்கள். கட்டை அட்டை மேல் ஓடுவதால் தடிமன் ஒரே சீராக வரும். அந்தக் கட்டையைச் சமையலுக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் தாளாகப் போர்த்த வேண்டியதில்லை. தோள் துண்டு, முந்தானை, வேட்டியின் தொங்கும் பகுதி, இவற்றுக்குத் தாள் முறை. உடம்போடு ஒட்டிய சட்டை, ஜீன்ஸ் போன்றவற்றுக்கு மெல்லிய பூச்சாக ஒட்டி, ஈரமான சிலிக்கோன் (ரப்பர் மாதிரி) முனைத் தூரிகையால் தள்ளித் தள்ளி மடிப்பை எழுப்ப வேண்டும். கோடு கிழிக்காதீர்கள், தள்ளுங்கள். கிழித்தால் பள்ளம் மட்டும் கிடைக்கும், தள்ளினால் பள்ளமும் மேடும் சேர்ந்து வரும். துணியின் மடிப்பு மேடுதானே. ஜீன்ஸுக்குக் குறைவான, பெரிய மடிப்பு. பட்டுக்கு நிறைய, கூர்மையான மடிப்பு.

மூட்டு அசைய வேண்டும் என்றால் இடுப்பிலும் தொடையிலும் வாஸ்லின் தடவிவிட்டு மேலே புட்டி போடுங்கள். அரைகுறையாக இறுகினதும் கத்தியால் ஒரு வெட்டு கொடுத்து, வேட்டியைத் தனி ஓடாகக் கழற்றலாம். ஆனால் நான் வேட்டி கட்டிய பொம்மைக்கு இடுப்பு அசைவையே விட்டுவிடுகிறேன். அசைவையும் அழகையும் சேர்த்துக் கேட்டால் இரண்டும் கெடும்.

மாதிரிக்கு இணையப் படத்தை நம்பாதீர்கள். என் தம்பிக்கு வேட்டி கட்டிவிட்டு, ஒரு காலை மாடிப்படியில் வைக்கச் சொல்லி நான்கு பக்கமும் படம் எடுத்தேன். இன்றைக்கும் அந்தப் படங்கள்தான் மேசையில் இருக்கின்றன. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் நின்றால் இன்னொரு பாடம் கிடைக்கும். காலில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, காவடி எடுப்பவரின் மஞ்சள் வேட்டி முழங்காலுக்குக் கீழே ஈரமாகிக் காலோடு ஒட்டியிருக்கும், மேலே உலர்ந்து புடைத்து நிற்கும். ஒரே துணி இரண்டு விதமாக நடந்துகொள்வதை அங்கே பார்த்துவிட்டு வந்துதான் என் காவடிப் பொம்மையைச் செய்தேன். குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் கோபுரத்துச் சுதை உருவங்களையும் பாருங்கள், ஆனால் அப்படியே எடுக்காதீர்கள். அங்கே கொசுவம் சீராக, வரிசையாக இருக்கும். தெருவிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குப் புரிய வேண்டும் என்று சிற்பி அப்படிச் செய்கிறார், அது அந்த இடத்துக்குச் சரி. நம் பொம்மை ஒரு அடி தூரத்தில் மேசை மேல் நிற்கிறது.

வண்ணம் பற்றிச் சுருக்கமாக: இறுகுவதற்கு 24 மணி நேரம் விடுங்கள். வெள்ளை வேட்டிக்குச் சுத்த வெள்ளை அடிக்காதீர்கள். கொஞ்சம் மங்கலான வெள்ளை அடித்து, பள்ளத்தில் நீர்த்த சாம்பல் நீலத்தை ஓடவிட்டு, மேட்டில் மட்டும் வெள்ளையைத் தொடுங்கள். கரை வரையும்போது தூரிகை ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கி ஏற வேண்டும். மேலோடு நேராக இழுத்தால் செய்த மடிப்பு எல்லாம் வீணாகிவிடும்.

முதலில் ஒரு துண்டு மட்டும் செய்து பாருங்கள், தோளில் போட்டது. தாங்கும் இடம் ஒன்றுதான், விளிம்பு நான்கும் கண்ணுக்குத் தெரியும், தப்பு செய்தால் உடனே தெரிந்துவிடும். நான் நான்காவது பொம்மைக்கு முன்னால் ஆறு துண்டு செய்தேன். அந்தப் பொம்மையை அப்பாவின் தையல் மெஷின் பக்கத்தில் வைத்தபோது அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடுப்பைத்தான் முதலில் பார்த்தார். "இது நிக்கும். ஆனா நடந்தா அவிழ்ந்துடும், இன்னும் ஒரு சுத்து இறுக்கும்மா" என்றார்.