விட்மன் மிஷனும் ஒரேகான் குடியேற்றமும்: கேள்வி பதில்

மதுரை வாசகர்: ஒரேகானுக்குப் போன மிஷனரிகள் ஊழியத்துக்குப் போனார்களா, நிலம் பிடிக்கவா?

பதில்: ஊழியத்துக்குத்தான். டாக்டர் மார்கஸ் விட்மனும் மனைவி நார்சிசாவும் 1836இல் கிளம்பியபோது, வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஒரேகானுக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்தே உரிமை கொண்டாடின. இவர்களை அனுப்பியது போஸ்டனிலிருந்த அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி சபை. உங்கள் ஊரிலும் யாழ்ப்பாணத்திலும் மிஷன் நடத்திய அதே சபை. ஆனால் மதுரைக்கு வந்த பாதிரியாருக்குப் பின்னால் ஆயிரம் அமெரிக்கக் குடியானவர்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வரவில்லை. அங்கே வந்தார்கள்.

சேலம் வாசகர்: அந்தக் குடியானவர்களைத் திரட்டி வந்து, ஒரேகான் பிரிட்டன் கைக்குப் போகாமல் காப்பாற்றியதே விட்மன்தான் என்கிறார்களே?

பதில்: பிற்காலத்தில் கட்டிய கதை. மிஷனரிகளுக்குள் ஓயாத சண்டை, ஞானஸ்நானம் பெற்றவர்களோ மிகக் குறைவு. அதனால் 1842இல் விட்மனின் வைலாட்பு நிலையத்தை மூடச் சொல்லி போர்டு எழுதியது. அந்த உத்தரவை மாற்றத்தான் கடும் பனியில் குதிரையேறி போஸ்டன் போனார். 1843இல் திரும்பும் வழியில், ஏற்கெனவே திரண்டிருந்த வண்டிக்கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். வழி காட்டினார், வைத்தியம் பார்த்தார், அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். வைலாட்பு ஒரு வழிச்சத்திரம் ஆகிவிட்டது. களைத்து வந்தவர்களுக்கு மாவு, உருளைக்கிழங்கு, நோயாளிகளுக்குத் தங்க இடம். 1844இல் பாதையிலேயே தாய் தகப்பனை இழந்த ஏழு பிள்ளைகளை விட்மன் தம்பதியே வளர்த்தார்கள். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் நிலம் அங்கேயே வாழ்ந்த கயூஸ் என்ற பழங்குடி மக்களுடையது. அதற்குப் பணம் தர வேண்டும் என்று அவர்கள் கேட்டும் ஒன்றும் வரவில்லை.

யாழ்ப்பாண வாசகி: வைத்தியம் பார்த்த விட்மனையே கயூஸ் மக்கள் ஏன் கொன்றார்கள்?

பதில்: 1847இல் தட்டம்மை பரவியது, நீங்கள் சின்னமுத்து என்பீர்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்தார்கள், கயூஸ் பிள்ளைகள் செத்துக்கொண்டே இருந்தார்கள். இரு பக்கமும் மருந்து கொடுத்தவர் ஒரே டாக்டர். எதிர்ப்புச் சக்தி பற்றி யார் அவர்களுக்குச் சொல்வது? விஷம் வைக்கிறார் என்றே பேச்சு கிளம்பியது. பேச்சுக்குத் தீனியும் இருந்தது: முலாம்பழம் திருடுபவர்களுக்குப் பாடம் புகட்ட, மிஷன்காரர் ஒருவர் முன்பு பழத்தில் வாந்தி மருந்து வைத்திருந்தார். நோயாளி செத்தால் வைத்தியர் உயிரைக் கொடுக்க வேண்டும் என்பது கயூஸ் வழக்கம். அது விட்மனுக்கும் தெரியும். நவம்பர் 29இல் தொடங்கிய கொலைகளில் விட்மன் தம்பதியோடு சேர்த்து 13 பேர் போனார்கள்.

நாகர்கோவில் வாசகர்: எல்லா நிலையங்களும் இப்படித்தானா?

பதில்: இல்லை. லாப்வாய் என்ற இன்னொரு நிலையத்தில் இருந்த மிஷனரி ஸ்பால்டிங், ஹவாயிலிருந்து வந்த அச்சு இயந்திரத்தில் 1839இலேயே அங்கிருந்த நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களின் மொழியில் புத்தகம் அச்சிட்டார்.

சென்னை வாசகர்: கொலைக்குப் பிறகு கயூஸ் மக்கள் என்ன ஆனார்கள்?

பதில்: போர் வந்தது. 1848 ஆகஸ்டில் ஒரேகானை அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியாக காங்கிரஸ் அறிவித்தது. 1850 ஜூனில் ஐந்து கயூஸ் ஆண்களை ஒரேகான் சிட்டியில் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு வந்த நிலச்சட்டம், குடியேறிய வெள்ளைக்காரத் தம்பதிக்கு 640 ஏக்கர் வரை இலவசம் என்றது. கயூஸ் மக்களோடு நில ஒப்பந்தம் போட்டதோ, அதற்கும் ஐந்து வருஷம் கழித்து, 1855இல்.