குடல்வாலும் வெள்ளை அணுக் கணக்கும்: ஓர் அறுவை மருத்துவரின் பதில்கள்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ரத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து அப்பெண்டிசைடிஸ் (குடல்வால் அழற்சி) இருக்கிறது, இல்லை என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தவர் சொல்ல வேண்டியது அது.

கேள்வி: தம்பிக்கு 19 வயது. நேற்று தொப்புளைச் சுற்றி வலி, இன்று வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. டோட்டல் கவுண்ட் (மொத்த வெள்ளை அணு) 13,400. ஆபரேஷன்தானா டாக்டர்?

பதில்: கவுண்டை விட, வலி இடம் மாறியது என்று எழுதினீர்களே, அதுதான் என்னை உஷாராக்குகிறது. அப்பெண்டிசைடிஸைக் கணிக்க 1986-ல் அல்வராடோ என்பவர் வகுத்த மதிப்பெண் முறையை இன்றும் பயன்படுத்துகிறோம். மொத்தம் 10. வெள்ளை அணு 10,000-ஐத் தாண்டினால் 2, அதில் நியூட்ரோபில் என்ற வகையின் பங்கு கூடியிருந்தால் 1. ஆக, ரத்தம் தருவது 3 மட்டுமே. மீதி 7-ம் வலி நகர்ந்த விதம், பசியின்மை, குமட்டல், காய்ச்சல், அப்புறம் அழுத்தும்போதும் கையைச் சட்டென்று எடுக்கும்போதும் வரும் வலி ஆகியவற்றிலிருந்து வருகின்றன. 7-ஐத் தொட்டால் சந்தேகம் பலம். 5, 6 என்றால் ஸ்கேன், கண்காணிப்பு. தம்பியை இன்றே சர்ஜனிடம் காட்டுங்கள்.

கேள்வி: கவுண்ட் 8,900, நார்மல். அப்போ அப்பெண்டிக்ஸ் இல்லைதானே?

பதில்: வலி தொடங்கி எத்தனை மணி நேரம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆரம்ப மணிகளில் நார்மலாக இருப்பது சகஜம். சிஆர்பி (அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம்) இன்னும் மெதுவாக ஏறும், ஏனென்றால் கல்லீரல் அதைப் புதிதாகத் தயாரித்து அனுப்ப வேண்டும். பாதி நாள் கழித்துப் பார்த்தால்தான் அதற்கு மதிப்பு. சந்தேகம் இருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்போம். ஒரு நாளைத் தாண்டியும் கவுண்ட், நியூட்ரோபில், சிஆர்பி மூன்றும் நார்மல் என்றால் எனக்குச் சற்று நிம்மதி.

கேள்வி: ஏழு மாத கர்ப்பம். கவுண்ட் 14,000.

பதில்: கர்ப்பத்தில் அந்த எண் இயல்பாகவே வரும். வலி இருந்தால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள்.

கேள்வி: கவுண்ட் 11,200. அப்பெண்டிக்ஸா?

பதில்: மேலே முதல் பதில்.

கேள்வி: நான் லேப் டெக்னீஷியன். நியூட்ரோபிலை லிம்போசைட்டால் (இன்னொரு வெள்ளை அணு வகை) வகுத்தால் போதும் டாக்டர். 4.7 தாண்டினால் அப்பெண்டிசைடிஸ், 8.8 தாண்டினால் சிக்கலானது என்று ஆய்வே இருக்கிறது. செலவே இல்லை, நீங்கள் ஏன் சொல்வதில்லை?

பதில்: சொல்கிறேன். நியூட்ரோபில் 84 சதவீதம், லிம்போசைட் 10 சதவீதம் என்றால் விகிதம் 8.4. இதே எண் சிறுநீரகத் தொற்றிலும் வரும், நிமோனியாவிலும் வரும். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குத் தொற்றே இல்லாமலும் வரும். கடுமையான வலியும் வாந்தியும் போதும்: அட்ரினலின் சுரந்ததும் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்கள் ஓட்டத்தில் இறங்கிவிடும், கார்டிசால் லிம்போசைட்டைக் குறைக்கும். உடம்பு பதறுவதை விகிதம் காட்டும், எங்கே பதறுகிறது என்று காட்டாது. சின்னக் குழந்தைகளுக்கு நாலைந்து வயது வரை லிம்போசைட்தான் இயல்பிலேயே அதிகம். பெரியவர்களின் 4.7-ஐ அங்கே கொண்டுபோய் வைத்தால் தவறாகிவிடும்.

அவரே மீண்டும்: அப்போ ரத்தப் பரிசோதனையே வீணா? நாங்கள் ஸ்லைடு போட்டு, அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, முதிராத செல்களைக் கூட எண்ணுகிறோம். எந்த டாக்டரும் கேட்பதில்லை.

பதில்: வீண் என்று நான் சொல்லவே இல்லை. நீங்கள் சொன்ன ஸ்லைடு விஷயத்தைத்தான் பிடித்துக்கொள்கிறேன். தொற்று முற்றும்போது எலும்பு மஜ்ஜை முழுதாக முதிராத பேண்ட் செல்களையும் வெளியே அனுப்பிவிடும். உட்கரு துண்டுதுண்டாகப் பிரியாமல் வளைந்த பட்டை போல இருக்கும். கவுண்ட் எடுக்கும் மெஷின்கள் பலவும் அவற்றை நியூட்ரோபில் கணக்கிலேயே சேர்த்துவிடும். டோட்டல் கவுண்ட் 9,500-ஆக இருந்து, ஸ்லைடில் பேண்ட் செல்கள் நிறைய என்றால், நான் அந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். யாரும் கேட்காவிட்டாலும் ரிமார்க்ஸில் எழுதுங்கள். பார்த்தால் டாக்டரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எனக்கு விகிதத்தை விட அந்த ஒரு வரி பெரிது.

கேள்வி: ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகுமா?

பதில்: சிக்கலில்லாத நிலை என்று சிடி ஸ்கேனில் உறுதியானவர்களுக்கு முடியும். பின்லாந்தில் நடந்த ஆப்பாக் (APPAC) ஆய்வில், ஆன்டிபயாடிக் மட்டும் எடுத்தவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் சுமார் 39 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. குடல்வாலுக்குள் கல் இருந்தால் தோல்வி வாய்ப்பு இன்னும் கூடும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடுவது இந்த வைத்தியம் அல்ல.

கேள்வி: டாக்டர், கவுண்ட் 12,000, வலி லேசாக...

பதில்: எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். வலி எப்போது தொடங்கியது, எங்கே, பசி இருக்கிறதா? இவை இல்லாத கவுண்டுக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இரண்டு நாளாக வலது பக்க வலி. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தோம். மதியம் வலி திடீரென்று குறைந்துவிட்டது. கவுண்ட் 9,800தான். நாளை காலை ஸ்கேன் போதுமா?

பதில்: போதாது. இப்போதே கிளம்புங்கள். குடல்வால் வெடித்தால் உள்ளழுத்தம் இறங்கி வலி கொஞ்ச நேரம் அடங்கியது போலிருக்கும். இந்த வயதில் கவுண்ட் ஏறாமலேயும் இருக்கலாம், காய்ச்சலும் வராமல் போகலாம். தண்ணீர் உட்பட எதுவும் கொடுக்காதீர்கள். விளக்கெண்ணெய் கொடுத்ததை மறைக்காமல் அங்கே சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் கையோடு எடுத்துப்போங்கள். இரவிலும் சர்ஜன் இருக்கும் மருத்துவமனையாகப் பாருங்கள்.