மாதிரிப் படகுக்கு லித்தியம் பேட்டரி

கேள்வி: ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் என் மாதிரிப் படகிலுள்ள 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரிக்குப் பதிலாக லித்தியம் பாலிமர் பேட்டரி பொருத்தலாமா? பழைய சார்ஜரே போதுமா?

பதில்: இரண்டு செல் கொண்ட 7.4 வோல்ட் பேட்டரியைப் பொருத்தலாம். ஆனால் நிக்கல் வகைக்கு மட்டுமேயான சார்ஜரை அதனுடன் ஒருபோதும் இணைக்காதீர்கள். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டி மின்னேற்றினால் அது வீங்கித் தீப்பிடிக்கக்கூடும். ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனித்துச் சமன்செய்யும் லித்தியம் சார்ஜரையே வாங்குங்கள். 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 2.2 ஆம்பியரில் மின்னேற்றுவது பாதுகாப்பானது. அருகிலேயே இருந்து கவனியுங்கள்.

படகின் மோட்டார் நீரின் எதிர்ப்பை இடைவிடாமல் வெல்ல வேண்டியிருப்பதாலும், உந்துவிசிறியில் பாசி சிக்கினால் மின்னோட்டம் சட்டென உயர்வதாலும், 'சி' மதிப்பை, அதாவது பேட்டரி தன் கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு மின்னோட்டம் தரும் என்ற எண்ணை, தாராளமாகவே தேர்ந்தெடுங்கள்: அதே 2200 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 25 சி என்றால் 2.2 × 25 = 55 ஆம்பியர் வரை தரும் என்பது கணக்கு. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். ஆகவே, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் லித்தியத்துக்கான மின்னழுத்தத் துண்டிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில வாரங்கள் ஓட்டாமல் வைப்பதானால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.