வாடகை கேட்பவர்தான் வீட்டுக்காரரா? 7 பவுண்டில் தெரிந்துவிடும்

நீங்கள் கேட்டது: கிழக்கு லண்டனில் ஒரு ஃபிளாட் பார்த்தாயிற்று, பிடித்திருக்கிறது. காட்டியவர் "சொந்த வீடு" என்கிறார், ஐந்து வார வாடகையை டெபாசிட்டாக இன்றைக்கே அனுப்பச் சொல்கிறார். அவர்தான் ஓனர் என்று எப்படி உறுதிசெய்வது?

யாரையும் கேட்க வேண்டியதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் (எந்த வீடு, நிலம் யாருடையது என்று பதிவுசெய்யும் அரசு அலுவலகம்) பதிவேட்டை 1990 டிசம்பரிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். (ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பதிவகங்கள் தனி, இங்கே தேடினால் வராது.)

கூகுளில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் தனியார் தளங்கள். அதே தாளைப் பல மடங்கு விலைக்கு விற்பார்கள். அரசின் கவ்.யூகே தளத்துக்குள் போய் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் சொத்துத் தேடல் பக்கத்தைத் திறங்கள். போஸ்ட்கோடு போட்டால் முகவரிகள் வரிசையாக வரும். உங்களுக்கு வேண்டியது ஓனர் பெயர் இருக்கும் டைட்டில் ரெஜிஸ்டர், 7 பவுண்டு. 3 பவுண்டு என்று சொல்லும் பழைய வீடியோக்களை நம்பாதீர்கள், 2024 டிசம்பரில் ஏற்றிவிட்டார்கள். பக்கத்திலேயே டைட்டில் பிளான் என்று இன்னொன்று இருக்கும். அது எல்லை காட்டும் வரைபடம், அதற்கும் 7 பவுண்டு. வாடகைக்குப் போகிறவருக்கு அது வேண்டாம்.

புதிதாக வந்தவர்கள் வழக்கமாகச் சறுக்குவது ஃபிளாட் விஷயத்தில்தான். ஒரு ஃபிளாட்டுக்கு இரண்டு பதிவு இருக்கும். கட்டடமும் நிலமும் ஃப்ரீஹோல்ட், அது ஒருவர் பெயரில். உங்கள் ஃபிளாட்டின் நீண்டகாலக் குத்தகை லீஸ்ஹோல்ட், அது வேறொருவர் பெயரில். நமக்கு வாடகைக்கு விடுகிறவர் பெரும்பாலும் இந்த லீஸ்ஹோல்டர்தான். ஃப்ரீஹோல்டை எடுத்துப் பார்த்துவிட்டு "பெயரே வேற, ஏமாற்றுக்காரன்" என்று பதறுகிறவர்கள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே இலவசச் சுருக்கத்தில் எது ஃப்ரீஹோல்ட், எது லீஸ்ஹோல்ட் என்று தெரியும், அதைப் பார்த்து எடுங்கள். கதவில் "ஃபிளாட் 2" என்று இருப்பது பதிவேட்டில் "முதல் மாடி ஃபிளாட்" என்று இருக்கலாம்; ஆகவே எண்ணை மட்டும் தேடாமல் அந்தக் கட்டடத்தின் எல்லா வரிகளையும் பாருங்கள்.

பிடிஎஃப் வந்ததும் மூன்று பகுதி இருக்கும். 'ஏ' சொத்தின் விவரம். 'பி' உரிமையாளர். 'சி' நம்மூர் பாஷையில் வில்லங்கம்: அடமானம், கட்டுப்பாடுகள். 'பி'யில் புரொப்ரைட்டர் என்ற சொல்லுக்குப் பின்னால் பெயரும் முகவரியும் இருக்கும். அதற்கு முன் அடைப்புக்குறிக்குள் ஒரு தேதி. அது பதிவான நாள், வாங்கிய நாள் அல்ல. முகவரி நீங்கள் பார்த்த வீடாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, கடிதம் எங்கே அனுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் அது. இரண்டு பெயர் இருந்தால் இரண்டு பேருமே அக்ரிமென்டில் கையெழுத்துப் போடட்டும். 'சி'யில் வங்கிக் கடன் இருந்தால், வாடகைக்கு விட வங்கி சம்மதித்திருக்கிறதா என்று கேளுங்கள். சம்மதமில்லாமல் விட்டு, ஓனர் தவணையும் கட்டாமல் போனால், வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். நீங்கள் நீதிமன்றத்தில் அதிகபட்சம் இரண்டு மாத அவகாசம்தான் கேட்க முடியும்.

பெயர் ஒத்துவரவில்லை என்பதற்காகவே மோசடி என்று முடிவு கட்டக்கூடாது. வீடு அண்மையில் கை மாறியிருந்தால் புதுப்பெயர் ஏறப் பல மாதம் ஆகலாம். ஓனர் இறந்திருந்தாலும் பழைய பெயரே நிற்கும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறியிருக்கலாம். நெடுங்காலம் கை மாறாத சில வீடுகள் இன்னும் பதிவேட்டிலேயே இல்லை. இப்படி இருந்தால் ஆதாரம் கேளுங்கள்: வக்கீல் கடிதமோ உயில் நிரூபண ஆணையோ கையில் இருப்பவர் காட்டத் தயங்கமாட்டார். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி) பில்லை நீட்டினால் ஏற்காதீர்கள். அது குடியிருப்பவர் பெயரிலும் வரும்.

பதிவேட்டில் கம்பெனி பெயர் இருந்தால், கம்பெனிகளைப் பதிவுசெய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் அதன் இயக்குநர்கள் யார் என்று இலவசமாகப் பார்க்கலாம். நிறையப் பேர் ஒன்றாகத் தங்கும் வீடு என்றால் கவுன்சிலின் எச்எம்ஓ (பல குடும்பத்தார் பகிர்ந்து தங்கும் வீடு) உரிமப் பதிவேட்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

"ஓனரிடம் நான் மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விடுகிறேன்" என்று சொன்னால், அதற்கு ஓனர் எழுத்தில் கொடுத்த அனுமதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. உண்மை ஓனரின் பெயரைச் சொல்லி எவரும் பேசலாம், அந்தப் பெயரும் 7 பவுண்டுக்குக் கிடைப்பதுதானே. ஆகவே போட்டோ அடையாள அட்டையை நேரில் பாருங்கள். பணத்தை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள்; அனுப்பும்போது பெயரும் கணக்கும் பொருந்துகிறதா என்று வங்கி ஆப் காட்டும், பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏற்கெனவே குடியேறி, ஓனர் யார் என்றே தெரியாமல் இருப்பவர்களுக்கு இங்கிலாந்தில் வேறொரு வழி உண்டு. 1985 ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் முதல் பிரிவைக் குறிப்பிட்டு, வாடகை வாங்குபவருக்கோ ஏஜென்டுக்கோ எழுத்தில் கேளுங்கள். 21 நாளுக்குள் பெயரும் முகவரியும் தந்தாக வேண்டும், நியாயமான காரணமின்றித் தராவிட்டால் அது குற்றம். வாட்ஸ்ஆப்பில் கேட்காமல் கடிதமாக அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.